பெட்டியிலிருந்து சுவருக்கு: தெர்மாகோல் கழிவும் டெர்னூசன் ஆலையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டெர்னூசன் நகரில் 2021-இல் ஓர் ஆலை திறக்கப்பட்டது. இடித்த கட்டடங்களிலிருந்து கழற்றிய தெர்மாகோல் பலகைகளைக் கரைத்து, அவற்றுக்குள் இருந்த ஒரு நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்து, சுத்தமான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொடுப்பது அதன் வேலை. பாலிஸ்டைரீன்லூப் என்ற கூட்டுறவு அமைப்பு அதைக் கட்டியது. 18 நாடுகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். ஆண்டுக்கு 3,300 டன் கழிவைக் கையாளும் திறனோடு, 'இது முடியும்' என்று காட்டுவதற்காகவே எழுந்த முன்மாதிரி ஆலை அது.

டிவி, குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது கூடவே வருகிற தெர்மாகோலைக் கட்டட வெப்பக்காப்பாக மாற்றலாமா என்ற கேள்விக்கு இந்த ஆலையை ஏன் இழுக்க வேண்டும்? அது கையாளுவது பொருள்களைப் பொதிந்து வரும் பொதி நுரையை அல்ல, பழைய சுவர் நுரையை. இருந்தும், பொதி நுரையைச் சுவருக்குள் வைக்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பொதிப் பெட்டிக்குள் தெர்மாகோல் சில வாரம் இருக்கும். சுவருக்குள் ஐம்பது ஆண்டு இருக்கும். அதில் இன்று எதைக் கலக்கிறோமோ அதை இடிக்கிற அன்று வேறொரு தலைமுறை பிரித்தாக வேண்டும். அந்தப் பிரிக்கும் வேலை எவ்வளவு கடினம், எவ்வளவு செலவு என்பது டெர்னூசனில் கண்ணெதிரே தெரிகிறது.

பொருளிலிருந்து தொடங்குவோம். தெர்மாகோல் என்பது உப்பிய பாலிஸ்டைரீன். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். வேதியியல் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1949-இல் இதைக் கண்டுபிடித்தார். சர்க்கரைப் பரல் அளவு பாலிஸ்டைரீன் மணிக்குள் பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் பொருளைக் கொஞ்சம் அடைத்து நீராவி காட்டினால், மணி தன் பருமனைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு உப்பும். அச்சில் அடைத்து மறுபடி நீராவி விட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகும். முடிவில் கையில் இருப்பதில் 98 சதவீதம் காற்று. மின்னணுப் பெட்டிக்குள் வருவதும் சுவர்ப் பலகையும் அடிப்படையில் ஒரே பொருள்தான். இரண்டும் பெரும்பாலும் கன மீட்டருக்கு 15 முதல் 30 கிலோ எடைதான் இருக்கும். வெப்பக் கடத்துதிறன் வெள்ளைப் பலகைக்கு ஏறக்குறைய 0.035 முதல் 0.040 வரை (வாட்/மீட்டர்·கெல்வின் அளவில்; எண் குறையக் குறைய வெப்பத்தடுப்பு கூடும்). கிராஃபைட் சேர்த்த சாம்பல் நிறப் பலகைக்கு 0.030-ஐ ஒட்டி வரும்.

இந்த எண் எவ்வளவு நல்ல எண் என்பதற்கு ஒரு கணக்கு. 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு வெள்ளைப் பலகை தடுக்கும் வெப்பத்தைச் செங்கல் மட்டும் வைத்துத் தடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 2 மீட்டர் தடிமனுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். அந்தப் பலகையின் எடையோ சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோதான். பெட்டியைப் பிரித்ததும் வீசுகிற பொருளுக்குள் இத்தனை பயன் இருக்கிறது. அதைக் குப்பைமேட்டில் பார்க்கும்போது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தக் காற்றுதான் மறுசுழற்சிக்கு முதல் எதிரி. 80 கன மீட்டர் கொள்ளும் ஒரு பெரிய லாரியில் உடைந்த பொதி நுரையை அப்படியே அள்ளிப் போட்டால், நிரம்பி வழிந்தாலும் ஒரு டன்கூடத் தேறாது. அதனால் தொலைவுக்கு ஏற்றிச் செல்லும் எந்தத் திட்டமும் சேகரிக்கும் இடத்திலேயே ஓர் அழுத்துப்பொறியோடுதான் தொடங்க வேண்டும். திருகு அழுத்துப்பொறி நுரையை நசுக்கிக் கன மீட்டருக்கு 300 கிலோ அளவுக்குக் கட்டியாக்கித் தரும். அதே லாரியில் இப்போது 20 டன்னுக்கு மேல் ஏறும். சூடாக்கி உருக்கும் பொறி இன்னும் நெருக்கமான கட்டியைத் தரும். ஆனால் வெப்பத்தில் பாலிமர்ச் சங்கிலி கொஞ்சம் அறுபடும், ஒட்டியிருக்கும் அழுக்கும் உள்ளே பதிந்துவிடும். பின்னால் நல்ல தரத்தில் வெப்பக்காப்பு செய்ய நினைப்பவர்களுக்குக் குளிராக நசுக்கிய கட்டிதான் நல்லது.

இதைவிட முக்கியமானது, நசுக்கினால் ஒரு வழி மூடிவிடும் என்பது. நுரையை நுரையாகவே மறுபடி பயன்படுத்தும் வாய்ப்பு அத்தோடு போய்விடும். அதனால் எந்த வழியில் போகப் போகிறோம் என்பதைச் சேகரிக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

எளிய வழி, நுரையை அரைத்து மணியாக்குவது. அரைத்த மணியைப் புது மணியோடு கலந்து அச்சில் போட்டால் மறுபடி பலகை கிடைக்கும். இங்கே ஒரு தடை உண்டு. அரைத்த மணிக்குள் பென்டேன் மிச்சமில்லை. அது இனி உப்பாது. பக்கத்தில் இருக்கும் புது மணி உப்பி அதை இறுக்கிப் பிடித்தால்தான் பலகை நிற்கும். பழைய மணியின் பங்கு கூடக்கூடப் பலகை வளைவைத் தாங்காமல் உடையும், இடுக்குகளில் தண்ணீரும் ஏறும். தண்ணீர் ஏறிய பலகை வெப்பத்தைச் சரியாகத் தடுக்காது. எனவே எவ்வளவு கலக்கலாம் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்ய முடியாது, வளைவுச் சோதனையும் நீருறிஞ்சும் சோதனையும்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், அரைத்த மணியைச் சிமெண்டோடு கலந்து தரைக்கும் கூரைக்கும் போடுகிற எடை குறைந்த கலவை. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், எந்த ஊரிலும் செய்யலாம். அதனாலேயே பலரும் முதலில் இங்கே வந்து நிற்கிறார்கள். சாதாரண கான்கிரீட்டைவிட வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், தனிப் பலகையின் தரத்துக்கு வராது. மணியைச் சிமெண்ட் மூடியிருப்பதால் தீப்பிடிக்கும் பயமும் குறைவு. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. சிமெண்டுக்குள் போன மணியை மறுபடி வெளியே எடுக்க முடியாது. கட்டடம் இடிபடும் நாளில் அது கல்லும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை என்கிற கலப்புக் குப்பை. உடைக்கும்போது சிதறும் மணிகள் காற்றிலும் நீரிலும் போய்ச் சேரும். இதை மறுசுழற்சி என்று சொல்வதைவிட, கழிவை ஒரு தலைமுறை தள்ளிவைப்பது என்று சொல்வதே நேர்மை. கழிவு எரிக்கப்படவோ ஆற்றில் விழவோ போகிறது என்ற நிலையில் மட்டும் நான் இதை ஏற்பேன்.

மூன்றாவது, உருக்குவது. அழுத்திய கட்டியை உருக்கி வடிகட்டிக் குருணையாக்கினால் அது சாதாரணக் கெட்டிப் பாலிஸ்டைரீன். உலகம் முழுவதும் சேகரிக்கப்படும் பொதி நுரையில் ஒரு பகுதி இப்படித்தான் படச்சட்டமாகவும் துணி மாட்டும் ஹேங்கராகவும் மாறியது. வெப்பக்காப்பு வேண்டுமென்றால் இந்தக் குருணையை மறுபடி நுரைக்க வேண்டும். அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று எக்ஸ்.பி.எஸ். பலகை. உருகிய பாலிஸ்டைரீனுக்குள் வாயுவை அழுத்தி, இடைவிடாமல் பிதுக்கிச் செய்கிற அந்தப் பலகை மறுசுழற்சிக் குருணையை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று, உருகிய நிலையிலேயே பென்டேனைப் புகுத்தி, தண்ணீருக்கடியில் வெட்டி, மறுபடி உப்பக்கூடிய மணியாக்குவது. இப்படி வரும் மணி புது மணிபோலவே நடந்துகொள்ளும். செலவு அதிகம். ஆனால் பொதி நுரைக்கு உண்மையான மறுபிறவி என்றால் இந்த இரண்டுதான்.

தீ

இனிமேல்தான் கடினமான பகுதி. பொதி நுரைக்குத் தீத்தடுப்பான் தேவையில்லை, அதனால் பொதுவாகச் சேர்ப்பதில்லை. சுவர் நுரைக்கு அது வேண்டும். பாலிஸ்டைரீன் தீயில் சுருங்கும், உருகிச் சொட்டும், சொட்டும்போதே எரியும், கரும்புகை கக்கும். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில், சாலைப் பாலம் ஒன்றில் நடந்த வெல்டிங் வேலையின் தீப்பொறி கீழே இருந்த கூரை இடைவெளியின் பாலிஸ்டைரீன் பலகைகளில் பற்றியது. 17 பேர் இறந்தார்கள். புகைதான் பெரும்பாலானவர்களைக் கொன்றது. ஆகவே சுவருக்குள்ளோ கூரைக்கு மேலோ தெர்மாகோலை வைக்கிறவர்கள் யாரும் தீயைப் பற்றிப் பேசாமல் தாண்டிப் போகக் கூடாது. எரியாத பூச்சோ உறையோ முழுமையாக மூட வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங் தீப்பொறி எட்டக் கூடாது, சுவர் நெடுக இடையிடையே தீத்தடுப்புப் பட்டை வேண்டும்.

ஐரோப்பாவில் கட்டடப் பலகைக்கு வழக்கமாகக் கேட்கும் 'ஈ' வகுப்புச் சோதனை சிறியதுதான். ஒரு சின்னச் சுடரை 15 வினாடி காட்டுவார்கள். 20 வினாடிக்குள் தீ 150 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. தீத்தடுப்பான் சேர்த்த பலகை சுடரிலிருந்து சுருங்கி விலகி அணைந்துவிடும். இங்கேதான் பொதி நுரை சிக்கலைக் கொண்டுவருகிறது. தீத்தடுப்பான் இல்லாத பொதி மணியை, தீத்தடுப்பான் உள்ள புது மணியோடு கலந்தால் மொத்தத்தில் தீத்தடுப்பானின் அளவு குறையும். வெறும் கண்ணுக்குப் பலகையில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் அரைத்துக் கலக்கும் வழியில் ஒவ்வொரு கலவைக்கும் தீச்சோதனை தனியாக வேண்டும். உருக்கும் வழியில் தீத்தடுப்பானைப் புதிதாக, அளந்து சேர்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிச் சுவர்ப் பலகைக்கு உருக்கும் வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

சுவருக்குள் இருந்த நஞ்சு

சரி, தீத்தடுப்பான் சேர்த்தால் பிரச்சினை முடிந்ததா? பல பத்தாண்டுகள் உலகம் அப்படித்தான் நினைத்தது. எச்.பி.சி.டி. என்ற புரோமின் சேர்மத்தைத் தெர்மாகோல் பலகையில் எடைக்கு ஏறக்குறைய 0.7 சதவீதம் கலந்தார்கள். எக்ஸ்.பி.எஸ். பலகையில் அதைவிடக் கூடுதல். நன்றாக வேலை செய்தது, விலையும் குறைவு. பின்னால்தான் தெரிந்தது அது எளிதில் சிதையாது, உயிர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும், ஆர்க்டிக் வரை பரவியிருக்கிறது என்று. எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2013-இல் அது சேர்ந்தது. அதன் இடத்துக்கு, மூலக்கூறு பெரிதாக இருப்பதால் உடலுக்குள் எளிதில் நுழையாத ஒரு புரோமின் பாலிமர் வந்தது.

ஆனால் ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருப்பது ஒட்டியபடியே இருக்கிறது. 0.7 சதவீதம் என்றால் கிலோவுக்கு 7,000 மில்லிகிராம். ஐரோப்பா கழிவுக்கு முதலில் வைத்த வரம்பு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், பின்னர் அதையும் பாதியாக்கினார்கள். வரம்பைத் தாண்டிய கழிவை அப்படியே மறுசுழற்சி செய்ய முடியாது. நஞ்சை அழித்தாக வேண்டும். 2016 இலையுதிர் காலத்தில் இதன் விளைவை ஜெர்மனி அனுபவித்தது. அத்தகைய பலகைகள் அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்டதும், பல எரிஆலைகளுக்கு அவற்றை வாங்கும் உரிமமே இல்லாமல் போனது. கட்டணம் எகிறியது, கூரை வேலைகளும் இடிப்பு வேலைகளும் அப்படி அப்படியே நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது. எந்தப் பலகையையும் யாரும் மாற்றவில்லை, ஒரு கழிவு வகைப்பாடு மாறியது, அவ்வளவுதான். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதன் விலை இது.

இன்னொரு பக்கம், நஞ்சு பொதி நுரைக்குள்ளும் வந்து சேர்ந்தது. எச்.பி.சி.டி. தேவையே இல்லாத பொதிகளில் அது இருப்பதை அயர்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தீத்தடுப்பான் உள்ள பழைய நுரை மறுசுழற்சி வழியே பொதிக்குள் புகுந்திருக்கலாம் என்பதே அந்த ஆய்வு எழுப்பிய கவலை. தென்கொரியக் கடலோரத்தில் தெர்மாகோல் மிதவைகளில் ஒட்டி வளர்ந்த சிப்பிகளின் உடலில் இதே சேர்மம் கிடைத்தது. பொதி நுரையெல்லாம் சுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

கண்டுபிடிப்பது எப்படி? கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி புரோமின் இருக்கிறதா என்று சில நொடியில் சொல்லிவிடும். எந்த புரோமின் என்று சொல்லாது. பழைய நஞ்சா, புதிய பாலிமரா? இதற்கு ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு அழகான வழி கண்டார்கள். நுரைத் துண்டை அசிட்டோனில் போட்டால் பாலிஸ்டைரீன் களியாகச் சுருண்டுவிடும். புதிய பாலிமர்த் தீத்தடுப்பான் அந்தக் களியோடு தங்கிவிடும். எச்.பி.சி.டி. மட்டும் அசிட்டோனில் கரைந்து வெளியே வரும். இப்போது அந்த அசிட்டோனில் புரோமினைத் தேடினால் போதும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. தெர்மாகோல் சேகரிக்கும் எந்த அமைப்பும், கருவியையும் கரைப்பானையும் முறையாகக் கையாளப் பழகிய ஒருவர் இருந்தால், இதைச் செய்ய முடியும். வெப்பக்காப்புக்காகப் பொதி நுரை வாங்குகிற ஒவ்வோர் இடத்திலும் இது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெர்னூசனில் நடப்பது

டெர்னூசன் ஆலையின் கிரியாசால்வ் முறையும் அதே ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில், கிரியாசைக்கிள் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து உருவானது. பெயர் பெரிதே தவிர அடிப்படை அந்த அசிட்டோன் சோதனையைப் போலத்தான். அழுத்திய கழிவை ஒரு கரைப்பானில் கரைப்பார்கள். காரைத் துண்டு, வலை, மண் எல்லாம் கரையாமல் நின்றுவிடும், வடிகட்டி எடுத்துவிடலாம். பிறகு இன்னொரு திரவத்தைச் சேர்த்தால் பாலிஸ்டைரீன் மட்டும் களியாகக் கீழே இறங்கும், எச்.பி.சி.டி. திரவத்திலேயே தங்கும். களியை உலர்த்திப் பிதுக்கிக் குருணையாக்குவார்கள். திரவத்தைக் காய்ச்சிக் கரைப்பானை மீட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். அடியில் மிஞ்சும் புரோமின் கலந்த சகதி உயர் வெப்பத்தில் எரிக்கப்படும். நச்சு மூலக்கூறு அழியும், புரோமின் மட்டும் மீண்டு வரும். டெர்னூசனைத் தேர்ந்ததற்குக் காரணமே அங்கே ஏற்கெனவே புரோமின் மீட்கும் ஆலை ஒன்று இருந்ததுதான்.

3,300 டன் கழிவில், 0.7 சதவீதக் கணக்கில், ஏறக்குறைய 23 டன் எச்.பி.சி.டி. இருக்கும். மண்ணையும் காரையையும் கழித்துவிட்டால் மீதி பெரும்பாலும் பயன்படக்கூடிய பாலிஸ்டைரீன். 3,300 டன் முழுவதையும் கன மீட்டருக்கு 15 கிலோ என்று நுரைப்பதாக வைத்துக்கொண்டால் அதிகபட்சம் 2,20,000 கன மீட்டர் நுரை. 10 சென்டிமீட்டர் பலகையாக அடுக்கினால் 22 லட்சம் சதுர மீட்டர் சுவரை மூடலாம். 23 டன் நஞ்சுக்காக இத்தனை பொருளையும் எரிப்பதா, பிரிப்பதா என்பதுதான் கேள்வி.

எரிப்பதற்கும் நியாயமான வாதம் உண்டு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகர எரிஆலையில் 2013-இல் செய்த சோதனையில், நகரக் குப்பையோடு சிறு பங்காகக் கலந்து எரித்தபோது எச்.பி.சி.டி. ஏறத்தாழ முழுமையாகச் சிதைந்தது தெரிந்தது. நல்ல எரிஆலை ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதுதான் மலிவு. டெர்னூசனின் பொருளாதாரம் அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. திறந்த மறு ஆண்டே கூட்டுறவு திவாலானது. ஆலை கைமாறிப் புதிய பெயரில் தொடர்ந்தது. தொழில்நுட்பம் தோற்றது என்று இதைப் படிப்பது தவறு. பிரித்தெடுத்த பாலிஸ்டைரீன் சந்தையில் புதுப் பாலிஸ்டைரீனோடு விலையில் மோத வேண்டும். புதுசின் விலை எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். கழிவைச் சேகரித்து, அழுத்தி, ஏற்றி, கரைத்து, காய்ச்சும் செலவு இறங்காது. அந்த இடைவெளியை யார் சுமப்பது என்று முடிவாகாதவரை இப்படிப்பட்ட ஆலை எதுவும் தள்ளாடத்தான் செய்யும்.

பொதி நுரைக்கு இதில் என்ன?

பொதி நுரைக்கு இந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. அதுவே அதன் பலம். மின்னணுப் பொருள்களோடு வருவது வெள்ளையாக, காய்ந்து, உணவு படாமல் இருக்கும். ஒட்டுநாடாவையும் காகித ஒட்டியையும் கிழித்துவிட்டால் நேராக அழுத்துப்பொறிக்குப் போகலாம். மீன் பெட்டி வேறு கதை. வாடையும் ஈரமும் உருக்கும்போது குருணைக்குள் போய்விடும், கழுவுகிற செலவு பொருளின் விலையைத் தின்றுவிடும். கரைக்கும் ஆலை ஒன்று பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம். ஜப்பானில் சோனி நிறுவனம் ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து வரும் லிமோனீனைக் கொண்டே நுரையைக் கரைத்து மீட்டுக் காட்டியது. அப்படி வழியில்லாத இடத்தில் மீன் பெட்டியை வெப்பக்காப்புத் திட்டத்தில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட, இடிப்பில் வரும் பலகையையும் பொதி நுரையையும் ஒரே குவியலில் போடவே கூடாது. கலந்துவிட்டால் சுத்தமானதும் அழுக்காகும். இரண்டையும் வேண்டுமென்றே கலந்து, நஞ்சின் அளவை வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று காட்டுவது இன்னும் மோசம். அது நஞ்சைக் குறைப்பதில்லை, இன்னும் பல சுவர்களுக்குப் பரப்புகிறது. சந்தேகமான நுரையைக் குருணையாக்க உருக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்.பி.சி.டி. அதிக வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜன் புரோமைடு வாயுவாக வரும். இயந்திரத்தை அரிக்கும், அங்கே வேலை செய்கிறவர்களின் மூச்சையும் பாதிக்கும்.

அடுத்தது, செய்த பலகையின் முதுகில் என்ன எழுதுகிறோம் என்பது. மறுசுழற்சிப் பங்கு எவ்வளவு, தீத்தடுப்பான் எது, எந்த ஆண்டு என்று மூன்று விவரம் போதும். கட்டடத்தின் வரைபடங்களோடு அதே விவரத்தின் ஒரு நகலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பலகையின் மேல் காரை பூசிய பிறகு முதுகை யாரும் பார்க்க முடியாது. பலகையைச் சுவரில் முழுக்கப் பசையால் ஒட்டாமல், முடிந்த இடத்தில் பிடிப்பாணியால் பொருத்தினால் கழற்றும்போது காரையும் நுரையும் தனித்தனியே வரும். டெர்னூசன் ஆலை வடிகட்டி வடிகட்டி எடுக்கும் மண்ணும் காரையும் அங்கேயே பாதி குறைந்துவிடும். கட்டுகிற நாளில் இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு சில மணி நேர வேலையும் ஒரு பக்கத் தாளும்தான்.